மூன்றாம் ஞாயிறு

1795 செப்டம்பர் 13, ஞாயிறு

காலைச் செபம் முடிந்ததும் என் சொந்த மகளின் கலியாண அறிவிப்பை நானே வாசித்தேன். "தாமோதரர் மகன் யோவான் அம்பலவிக்கும், சட்டம்பி பிலிப்பு கணபதியர் மகள் இசபெல்லா அன்னமுத்துவுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். இது முதலாம் வாசிப்பு." இருபத்திரண்டு வருடமாக ஊரார் பேரையெல்லாம் தட்டுத்தடங்கலின்றி வாசித்த வாய், மகளின் பேர் வந்ததும் தடுமாறியது. சனம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் ஊர் நாவலடியில் சட்டம்பி என்றால் பள்ளிக்கூடமும் அவன்தான், ஒல்லாந்தர் வேதக்கோயிலும் அவன்தான். பாதிரியார் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்லக்கில் வந்து, வெயிலைத் திட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்வதும், ஞாயிறு செபம் நடத்துவதும், தொம்பு எழுதுவதும் என் பாடு. ஊரின் பிறப்பு, கலியாணம், சாவு மூன்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. தொம்பில் ஏறாத கலியாணத்தை ஒல்லாந்தக் கொம்பனி கலியாணமாக எண்ணாது. அதில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் காணியில் ஒரு பிடி மண் கிடையாது.

தொம்பில் ஏற வேண்டுமானால் அறிவிப்பை மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்க வேண்டும். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் தவறாலோ சண்டை போன்ற தடங்கலாலோ ஒரு ஞாயிறு விட்டுப்போனாலும் முதல் இரண்டும் செல்லாது. இரு வீட்டாரும் புதிதாகச் சம்மதம் சொல்லி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதில் நான் யாருக்கும் இரங்கியதில்லை.

திருக்கோணமலைக் கோட்டையை இங்கிலீசுக்காரர் பிடித்து இரண்டு கிழமை ஆகிறதாம். பிடிக்கட்டும். எனக்கு இன்னும் இரண்டு ஞாயிறு போதும்.

செப்டம்பர் 16, புதன்

மையில் தண்ணீர் கூடிவிட்டது. எழுத்து நோயாளி முகம்போல வெளிறுகிறது. கடுக்காய் இடித்துப் புதிதாகக் காய்ச்ச வேண்டும்.

ஒரு கிழமையாக என் மனைவி நாகாத்தைதான் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறாள். முழங்கால் பிடித்தவளுக்கு ஏன் இந்த வேலை, பத்தொன்பது வயதுக் குமர்ப்பெண் வீட்டில் இருக்கிறாளே என்று கேட்டேன். "அவள் இருக்கட்டும். நீங்கள் உங்கட எழுத்தைப் பாருங்கோ" என்றாள். கலியாணம் நெருங்கினால் தாய்மாருக்கு இப்படி ஒரு செல்லம் வந்துவிடும்.

செப்டம்பர் 18, வெள்ளி

கூரையில் எலி. வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தச் சத்தம் கேட்கும். நான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

இரண்டாம் வாசிப்பு. தடுமாறவில்லை.

கதிராசி வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டாள். பதினேழு வருடமாக அவள் அங்கேதான் நிற்கிறாள். உள்ளே வரவேண்டாம் என்று நான் சொன்னதில்லை. வரச் சொன்னதும் இல்லை. அவளுக்கும் வீரகத்திக்கும் இரண்டு வாசிப்பு ஆனது. மூன்றாவது ஆகவில்லை. அந்தக் கிழமையே வீரகத்தியை அம்மை கொண்டுபோனது. எட்டாம் மாதம் பெண் பிள்ளை பிறந்தது. தொம்பில் "தகப்பன் பேர் இல்லை" என்று எழுதினேன். மூன்றாம் ஞாயிறுக்கு எதிரே "பெண் வீட்டார் வரவில்லை" என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். எழுத்து எழுத்துதான்.

இன்று எதற்காக இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 23, புதன்

ஆனையிறவுச் சாவடியில் காவல் போட்டு வழியை மறித்துவிட்டார்கள். வன்னிக்குப் போன மாட்டு வண்டிகள் திரும்பி வந்திருக்கின்றன. மூன்று பக்கமும் கடல், நாலாம் பக்கம் காவல். கோழிக்கூட்டில் அடைத்தாற்போல இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது அன்னமுத்து கேட்டாள். "அப்பு, வாற ஞாயிறு சண்டை வந்து வாசிக்கேலாமல் போனால்?"

"முதலிலை இருந்து தொடங்கோணும்."

"அது எத்தினை நாள்?"

"மூண்டு கிழமை. அதோட ரெண்டு வீட்டுச் சம்மதமும் வேணும்."

அவள் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நாகாத்தை என்னை முறைத்தாள். சட்டத்தைச் சொன்னதற்கு ஏன் முறைக்க வேண்டும்?

செப்டம்பர் 27, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செபத்துக்கு வழக்கத்தில் பாதிச் சனம்தான் வந்தது. சம்பந்தி தாமோதரரும் அம்பலவியும் முன்வரிசையில் இருந்தார்கள். நான் அறிவிப்பை எடுத்து, "தாமோதரர் மகன் யோவான் அம்பலவிக்கும்" என்று தொடங்கினேன். அப்போது பருத்தித்துறைப் பக்கமிருந்து ஒருவன் ஓடிவந்து வாசலில் நின்று கத்தினான். "இறங்கிட்டாங்கள்! கப்பலாலை இறங்கிட்டாங்கள்! இந்தத் தெருவாலைதான் வாறாங்கள்!"

பிறகு கோயில் இருந்த நிலையைச் சொல்லி முடியாது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தாமோதரர் சால்வையைக்கூட எடுக்கவில்லை. நான் தொம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்கதவால் ஓடினேன். மகளின் பேரைச் சொன்னேனா? இல்லை. சொல்லவில்லை. அம்பலவியின் பேரோடு நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தபோது வேப்பமரத்தடியில் கதிராசி மட்டும் நின்றாள். ஓடுவதற்கு அவளுக்கு அவசரம் இல்லை போலும்.

செப்டம்பர் 28, திங்கள்

வெடிச்சத்தமே கேட்கவில்லை. கோட்டையை ஒல்லாந்தர் சும்மா திறந்து கொடுத்துவிட்டார்களாம். நூற்று முப்பத்தேழு வருட ராச்சியம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 30, புதன்

கோயிலில் இருபது சிப்பாய்கள் தங்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர் வருவார் என்று பயந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாம் சென்னப்பட்டணத்துப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குத் தலைவரான அவில்தார் ராயப்பன் திருச்சிக்காரர். பிரசங்க மேடைக்குக் கீழே அடுப்பு மூட்டியிருந்தார்.

"வாத்தியாரே, கோச்சுக்காதீங்க. மழை வர்ற மாதிரி இருக்குது, அரிசி நனைஞ்சிடும்" என்றார். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார். ஊர் ஊராகத் தொம்புகளை வாங்கிக் கோட்டைக்குக் கொண்டுபோக உத்தரவு. திங்கட்கிழமை வண்டி வரும். "புஸ்தகம் ஒழுங்கா இருந்தா பழைய வாத்தியாரையே வச்சுக்குவாங்களாம். அடிச்சுத் திருத்தினது, பின்னாடி சேத்தது எதாச்சும் இருந்தா வேலை போயிடும், விசாரணையும் வரும். சொல்லிட்டேன்."

என் தொம்பில் ஓர் அடித்தல் கிடையாது. அதைச் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

பாதிரியாரைக் கோட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறார்களாம்.

அக்டோபர் 1, வியாழன்

தாமோதரர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிறுத்தியே பேசினார். மூன்று கிழமைக்கு முன் இதே மனிதர் எனக்கு வெற்றிலைத் தட்டத்தைத் தன் கையால் நீட்டியவர்.

"மூண்டாம் வாசிப்பு நடக்கேல்லை, சட்டம்பியார். ஒண்டு தவறினால் எல்லாம் தவறினதெண்டு நீங்கள்தானே ஊருக்குச் சொன்னனீங்கள்?"

"அது சண்டையாலை வந்த தடங்கல். வாற ஞாயிறு முதலிலை இருந்து தொடங்குவம். உங்கட சம்மதம்..."

"நான் சம்மதம் தரேல்லை." துண்டை உதறித் தோளில் போட்டார். "கொம்பனி சட்டம்பி வீட்டிலை பெண் எடுத்தால் கச்சேரியிலை ஒரு சொல்லுக்கு ஆள் இருக்கெண்டு நினைச்சனான். இப்ப கொம்பனியே இல்லை. வட்டுக்கோட்டையிலை ஒரு இடம் பேசியிருக்கு. கோபிக்காதையுங்கோ."

அம்பலவி மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. முதுகெலும்பு முளைக்காத பிள்ளை.

அக்டோபர் 2, வெள்ளி

நாகாத்தை ஒன்று சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

கிணற்றடியில் அவள் ஏன் தண்ணீர் அள்ளினாள் என்று இப்போது விளங்குகிறது. எத்தனை மாதம் என்று கேட்டேன். மூன்று என்றாள். முதலாம் வாசிப்புக்கு முன்பே என்றால் என் வீட்டுக் கூரைக்குக் கீழே எனக்குத் தெரியாமல் நடந்தது எலிச்சத்தம் மட்டும் இல்லை. கத்தினேன். தடியைக்கூட எடுத்தேன். அன்னமுத்து அசையவில்லை. "அப்பு, என்ர பிள்ளைக்கும் தகப்பன் பேர் இல்லையெண்டு எழுதுவியளோ?" என்று மட்டும் கேட்டாள்.

தடியைக் கீழே போட்டேன். வெளியே போக நினைத்தேன். போவதற்கு இடம் இல்லை. தெருவில் சிப்பாய், கோயிலில் சிப்பாய், வீட்டுக்குள் இவள் முகம். கிணற்றுக்கட்டில் போய் இருந்தேன்.

அக்டோபர் 3, சனி

ஒரு வழிதான் இருக்கிறது. போன ஞாயிறு மூன்றாம் வாசிப்பு நடந்தது என்று சாட்சி சொல்ல ஒருவர் வேண்டும். நடந்தது என்றால் தாமோதரரின் சம்மதம் எனக்குத் தேவையில்லை. மூன்றும் முடிந்தால் தொம்பில் ஏற்றிவிடலாம், ஏற்றினால் அவரால் அசைக்க முடியாது. ஓடாமல் நின்றவள் ஒருத்திதான்.

கதிராசி பனையோலை வேலிக்குள் பாய் பின்னிக்கொண்டிருந்தாள். மகள் செல்லாச்சி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். நான் வந்த காரியத்தைச் சுற்றிவளைத்துச் சொன்னேன். அவள் ஓலையை நறுக்கியபடியே கேட்டாள்.

"பொய்ச்சாட்சி கேக்கிறியள்."

"கேக்கிறன்."

"என்ர சாட்சி செல்லுமே? தொம்பிலை என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கெண்டு தெரியுந்தானே. ஒழுங்காக் கலியாணம் முடிக்காத பொம்பிளை சாட்சி சொல்லேலாதெண்டு நீங்களே ஒருக்கால் என்னைத் திருப்பி அனுப்பினனீங்கள்."

உண்மைதான். மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

"அப்ப முதலிலை என்ர எழுத்தை மாத்துங்கோ. பதினேழு வருசத்துக்கு முந்தி, அந்த மூண்டாம் ஞாயிறு, நானும் அவரும் விடியக் கோயிலுக்கு வந்தம். கதவு பூட்டியிருந்தது. மத்தியானம் வரைக்கும் நிண்டம். நீங்கள் வரேல்லை. பிறகு நாங்கள் வரேல்லையெண்டு எழுதினனீங்கள்." ஓலையைக் கீழே வைத்தாள். "எங்கை போனனீங்கள் எண்டு நாளைக்குச் சனத்துக்கு முன்னாலை சொல்லுங்கோ. பிறகு நான் சாட்சி சொல்லுறன்."

எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

இப்போது எழுதுகிறேன். இந்தக் காகிதத்துக்காவது தெரியட்டும். அந்த மூன்றாம் ஞாயிறுக்கு முதல்நாள், சனிக்கிழமை; என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நாலு நாளாகக் காய்ச்சல், கண் மேலே சொருகிவிட்டது. நாகாத்தை ஆற்றங்கரை வேலவனுக்கு நேர்ந்தாள்: பிள்ளை பிழைத்தால் தகப்பன் தலையை மொட்டையடித்துக் காவடி எடுப்பான் என்று. அன்றிரவே காய்ச்சல் இறங்கியது. நேர்த்தியைத் தள்ளிப்போட்டால் திரும்ப வருமோ என்ற பயத்தில் விடியுமுன் புறப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஒல்லாந்தக் கோயிலின் சட்டம்பி, மொட்டைத் தலையோடு முருகனுக்கு முன் நின்றேன். யாருக்காவது தெரிந்திருந்தால் வேலையும் போய்ச் சிறையும் கிடைத்திருக்கும். மூன்று மாதம் தலைப்பாகை கட்டி மறைத்தேன். கோயில் பூட்டியிருந்த காரணத்தைத் தொம்பில் எழுத வேண்டுமே. அதற்காக அந்த மூன்று சொல்லை எழுதினேன்.

கூரையில் இருப்பது எலி இல்லை. வெள்ளிக்கிழமை விரதச் சாப்பாட்டு இலையை வெளியே எறிந்தால் யாராவது காண்பார்கள் என்று நாகாத்தை சுருட்டிக் கூரையில் செருகி வைக்கிறாள். காய்ந்த இலை சரசரக்கிறது; வந்தவர் கேட்டால் எலி என்று சொல்லிவிடுவோம். விரதச் சோற்றில் எனக்கும் பங்கு உண்டு.

அக்டோபர் 4, ஞாயிறு

மணியை நானே அடித்தேன். அவில்தார் பானைகளை ஓரமாக்கி, "தாராளமா படிங்க வாத்தியாரே, நாங்க ஒதுங்கிக் குந்திக்கிறோம்" என்றார். முப்பது பேர் வந்தார்கள். செபத்துக்கு என்று சொல்ல மாட்டேன்; என்ன நடக்கப்போகிறது என்று பார்க்கத்தான். கூப்பிட்டனுப்பியதால் தாமோதரரும் வந்தார், கையைக் கட்டிக்கொண்டு. அம்பலவி அவருக்குப் பின்னால் தரையைப் பார்த்து நின்றான். அன்னமுத்து தாயின் பக்கத்தில் இருந்தாள்.

கதிராசி வாசற்படியில் ஏறி நின்றாள். உள்ளே வரவில்லை. எனக்காகக் காத்திருந்தாள்.

தொம்பின் பழைய பக்கத்தைத் திறந்தேன். மகளைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"பதினேழு வருசத்துக்கு முந்தி, வீரகத்திக்கும் கதிராசிக்கும் மூண்டாம் வாசிப்பு நாள். பெண் வீட்டார் வரேல்லையெண்டு எழுதினன். அது பொய். ரெண்டு பேரும் வந்தவை. நான்தான் வரேல்லை. அண்டைக்கு நான் காவடி எடுக்கப் போனனான்."

பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர் செருமினார். "எங்கட வீட்டுக் கூரையிலும் எலிதான், சட்டம்பியார்" என்றார். ஒருவர் சிரிக்க, பத்துப் பேர் சிரித்தார்கள். எல்லார் கூரையிலும் எலி இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருடம் ஒருவரையொருவர் காவல் காத்திருக்கிறோம்.

கதிராசி சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் சனமும் அடங்கியது. சட்டம்பியே தவறவிட்ட வாசிப்பு முதல் இரண்டையும் கெடுக்காது. நான் எழுந்து நின்று வாசித்தேன். "காலஞ்சென்ற தோமாசு வீரகத்திக்கும் கதிராசிக்கும் நிச்சயமான விவாகம். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம். இது மூன்றாம் வாசிப்பு." செத்தவனுக்கு அறிவிப்பு வாசித்த சட்டம்பி உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆட்சேபணை வரவில்லை. எல்லாரும் பார்க்க, பழைய மூன்று சொல்லைக் கோடு போட்டு அடித்து, "மூன்றாம் வாசிப்பு ஆயிற்று" என்று எழுதினேன். என் தொம்பின் முதல் அடித்தல்.

அப்போது கதிராசி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஆண்களுக்கு நடுவே நடந்து என் முன்னால் நின்றாள்.

"போன ஞாயிறு இவர் அம்பலவிக்கும் அன்னமுத்துவுக்கும் அறிவிப்பை முழுக்க வாசிச்சவர். ஆட்கள் ஓடின சத்தத்திலை உங்களுக்குக் கேட்டிராது. நான் மரத்தடியிலை நிண்டு கேட்டனான்."

தாமோதரர் பாய்ந்தார். "இவள் ஆர் சாட்சி சொல்ல? இவளின்ர சாட்சி செல்லாது!"

"அவ வீரகத்தியின்ர பெண்சாதி" என்றேன். தொம்பை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "இஞ்சை எழுதியிருக்கு. அவவின்ர சாட்சி செல்லும்."

அவர் குனிந்து பார்த்தார். கொம்பனி போய்விட்டது என்று சொன்ன அதே மனிதர், தொம்பைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். இருந்தாலும் விடுகிற ஆள் இல்லை. மகன் பக்கம் திரும்பி, "வாடா போவம்" என்றார்.

அம்பலவி அசையவில்லை. "நானும் கேட்டனான், அப்பு" என்றான். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவன் சத்தமாகச் சொன்னான்: "மூண்டாம் வாசிப்பை நானும் கேட்டனான்." அன்னமுத்து சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தாமோதரர் தனியாகப் போனார். அவர் மனம் ஆறப் பேரப்பிள்ளை பிறக்க வேண்டும்போல.

மகளின் கலியாணத்தைத் தொம்பில் ஏற்றினேன். கடுக்காய் மை நன்றாகக் கறுத்திருந்தது. அவில்தார் எல்லாவற்றையும் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 5, திங்கள்

விடிய கதிராசி வந்தாள். வண்டி போகுமுன் பார்க்க வேண்டுமாம். அவளுக்கு எழுத்துத் தெரியாது. செல்லாச்சியின் வரியைக் காட்டினேன். "தகப்பன் பேர் இல்லை" என்றதை அடித்து, "தகப்பன் வீரகத்தி" என்று இரவே எழுதி வைத்திருந்தேன்.

"எது அவற்ற பேர்?"

காட்டினேன். விரலை அதன்மேல் வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. கண்ணைத் துடைக்க எடுத்தபோது எழுத்து கொஞ்சம் கலைந்திருந்தது. ஆனால் வாசிக்கலாம்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "கதிராசி, நான் அண்டைக்கு மகளின்ர பேரைச் சொல்லாமல் ஓடினனான். நீ கண்டனி. கோயிலுக்குள்ளை நிண்டு ஏன் அப்பிடிச் சொன்னாய்? நான் உண்மையைச் சொன்ன பிறகு நீ சும்மா போயிருக்கலாம்."

"பிள்ளைக்காகத்தான்" என்றாள். "நீங்களும் பிள்ளைக்காகத்தானே அண்டைக்குப் பொய் எழுதினனீங்கள். உங்கட பிள்ளை பிழைச்சதுக்கு நானும் என்ர பிள்ளையும் பதினேழு வருசம் வெளியிலை நிண்டம். இன்னொண்டு வெளியிலை நிக்க வேண்டாம்."

அவள் போகும்போது வாசல் படலை வரை கூடப் போனேன்.

வண்டி பத்து மணிக்கு வந்தது. அவில்தார் ராயப்பன் தொம்பைத் திறந்து, அடித்த இடத்தையும் கலைந்த எழுத்தையும் பார்த்தார். "வாத்தியாரே, நான் அன்னைக்கே சொன்னேனே. வேலை போயிடுமே" என்றார். உண்மையாகவே வருந்தினார். நாளைக்குக் கோட்டைக்கு வந்து பதில் சொல்லும்படி எழுதிய சீட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நாகாத்தை இன்று மத்தியானம் கூரையில் செருகியிருந்த இலைகளை எடுத்து, எல்லாரும் காண முற்றத்தில் மாட்டுக்குப் போட்டாள். அன்னமுத்து கிணற்றடியில் நின்றாள். வாளியை வாங்கி நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன்.